மலைக்குப் போவதும் மலையைப் பார்ப்பதும்: பொதிகை அடிவாரத்தாரின் விவாத இழை

ஆற்றங்கரை வீடு (அம்பாசமுத்திரம்), இழையைத் தொடங்குபவர்

பெங்களூரில் வளரும் என் அண்ணன் பிள்ளைகள் இருவர் வருகிற பங்குனி உத்திரத்திற்கு ஊருக்கு வருகிறார்கள். மூத்தவள் தொலைபேசியில், "அத்தை, பொதிகை மலை ஊட்டி மாதிரி இருக்குமா?" என்று கேட்டாள். "இருக்காது, வந்து பார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மாடியிலிருந்து மேற்கே பார்த்தால் மலைத்தொடர் முழுவதும் தெரியும். மார்கழியின் விடியற்காலையில் அது கருநீலமாக, கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் இருக்கும். ஆனி பிறந்துவிட்டால் பகல் முழுவதும் மப்புக்குள் மறைந்து, மாலையில் ஒரு நாழிகை மட்டும் விலகிக் காட்சி தரும். ஆனால் எங்கள் ஆச்சி ஒருநாளும் "மலையைப் பார்க்கப் போகிறோம்" என்று சொன்னதில்லை. "மலைக்குப் போகிறோம்" என்றுதான் சொல்லுவார். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரே பொருள்தான்: காரையாற்றில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போவது. திருநெல்வேலிச் சீமையில் பங்குனி உத்திரத்தன்று ஒவ்வொரு குடும்பமும் தன் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போகும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததே. சொரிமுத்து அய்யனாரை எல்லாச் சாஸ்தாக்களுக்கும் மூலமாகக் கருதுவதால், தங்கள் குலசாஸ்தா எது என்று மறந்துபோன குடும்பங்களும் அங்கேதான் போய் நிற்கும் என்று ஆச்சி சொல்லுவார்.

1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் சிகரம், வானதீர்த்தம், கல்யாண தீர்த்தம், முண்டந்துறைக் காடு என்று பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிச் சென்று காட்டிவிடலாம். அவற்றை அவர்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆச்சி "போகிறோம்" என்று சொன்ன மலையை அவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? மலையை வாழ்ந்து அறிந்தவர்கள் தாங்கள் அறிந்ததை இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கன்னடியன்கால் (கல்லிடைக்குறிச்சி)

அக்கா, நான் வயல்காரன். எனக்குத் தெரிந்த மலை தண்ணீர்தான். பிள்ளைகளுக்கு முதலில் ஆற்றைக் காட்டுங்கள், அதன் வழியாக மலை தானாகப் புரியும் என்பது என் எண்ணம்.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேருவதற்குள் ஓடும் தொலைவு ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். காவிரியோடு ஒப்பிட்டால் அது சின்னஞ்சிறு ஆறு. இருந்தும் தமிழ்நாட்டிற்குள்ளேயே பிறந்து, தமிழ்நாட்டிற்குள்ளேயே கடலில் கலந்து, ஆண்டு முழுவதும் ஈரம் வற்றாமல் ஓடுகிறது என்றால் அதற்குக் காரணம் அந்த மலை நிற்கும் இடமும் அதன்மேல் நிற்கும் காடும்தான். ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கத்தில் கொட்டியது போக முகட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் வழிகிறது; ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குச் சரிவில் நேராக மோதுகிறது. இரண்டு மழையையும் ஒரே மலை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை அப்படியே உருட்டிவிட்டால் ஆறு பத்து நாளில் வெள்ளமாக ஓடித் தீர்ந்துபோகும். மேலே இருக்கும் பசுமைமாறாக் காட்டின் சருகும் வேரும் கறுத்த மண்ணும் அதைக் குடித்து வைத்துக்கொண்டு சித்திரை வரைக்கும் ஓடைகளில் சொட்டுச் சொட்டாக விடுகின்றன.

எங்கள் பக்கத்து விவசாயம் முழுவதும் இந்த இரண்டு மழையின் கணக்குத்தான். தென்மேற்குத் தண்ணீரில் கார் நெல், வடகிழக்குத் தண்ணீரில் பிசானம். ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கி மருதூர் வரை ஏழும் பழங்காலத்தவை. ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது. நதியுண்ணி என்ற பெயரைச் சற்று நின்று சொல்லிப் பாருங்கள்: ஆற்றை உண்ணும் கால்வாய் என்று பெயர் வைத்தவனுக்கு எவ்வளவு உரிமை இருந்திருக்க வேண்டும்!

எங்கள் கன்னடியன் கால்வாய் ஓடும் சேரன்மாதேவியில் மிளகுப் பிள்ளையார் இருக்கிறார். மழை பொய்த்த ஆண்டில் மிளகை அரைத்து அவர் மேனி முழுவதும் பூசி நீராட்டுவது வழக்கம். அந்த எரிச்சல் தாங்காமல் அவர் தண்ணீரை வரவழைப்பார் என்பது நம்பிக்கை. மலையில் விளையும் மிளகு, மலையிலிருந்து வரவேண்டிய தண்ணீர், இரண்டையும் ஒரு கல்மேனியில் சேர்த்துவைத்த இந்த வழக்கத்தை நான் ஒருமுறை கூட்டத்தில் நின்று பார்த்தேன். என் தந்தை அன்று கைகூப்பியபடி மேற்கே திரும்பி நின்றார். கோவில் இருந்தது வேறு திசையில்.

வி.கே.புரம் நடைப்பயணி (விக்கிரமசிங்கபுரம்)

இருவர் எழுதியதையும் மனம் நிறையப் படித்தேன். ஆயினும், மலைக்குப் போகும் வழக்கத்தைப் பற்றி ஒரு கசப்பான செய்தியை இங்கே வைத்தாக வேண்டும்.

முண்டந்துறையும் களக்காடும் 1988 இல் ஒன்றாக்கப்பட்டுத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001 இல் அமைந்தது. 2016 இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்ந்தது. உலகமே காக்க வேண்டும் என்று சொல்லும் இந்தக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆடி அமாவாசையன்று இலட்சக்கணக்கில் மக்கள் திரள்கிறார்கள். முன்பெல்லாம் குடில் கட்டி நாள்கணக்கில் ஆற்றோரம் தங்குவார்கள். திருவிழா முடிந்த மறுநாள் குப்பை பொறுக்கப் போகும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். நெகிழிப்பைகள், சாராயப் புட்டிகள், ஆட்டுக்குடல், சோப்புத்தாள், கிழிந்த பாய் ஆகியவற்றுக்கு நடுவே மிளா மானின் குளம்புத் தடத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

கீழே பாபநாசம் படித்துறையில் வேறொரு கேடு. பரிகாரம் என்று சொல்லி உடுத்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். தண்ணீருக்குள் இறங்கி இழுத்தால் வேட்டியும் சேலையும் பாறை இடுக்கில் சுற்றிக்கொண்டு கயிறுபோல வருகின்றன; குளிக்க இறங்குகிறவர்களின் காலை அவை பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. எந்த ஏட்டில் இப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறது என்று கேட்டால் எவரிடமும் பதில் இல்லை. பாவம் தீர்க்கும் இடம் என்று பெயர் பெற்ற துறையில் நாம் செய்யும் வேலை இது.

ஆகையால் என் கருத்தை மறைக்காமல் சொல்லுகிறேன். காட்டுக்குள் தங்கும் நாள்களை வனத்துறை குறைத்தது சரி. இன்னும் குறைத்தாலும் சரி.

ஆற்றங்கரை வீடு

நடைப்பயணி அண்ணாச்சி எழுதியதில் ஒரு சொல்லையும் மறுக்க முடியவில்லை. துணி விடும் வழக்கம் எங்கள் ஆச்சி காலத்தில் இந்த அளவில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் தங்குவதைப் பற்றி மட்டும் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது ஆடி அமாவாசைக்கு மூன்று இரவுகள் அங்கே தங்கினோம். அரிசியும் கருப்பட்டியும் புளியும் மூட்டையாக, பாத்திரங்கள் சாக்கில், லாரியின் பின்புறத்தில் பத்துக் குடும்பங்கள். அந்த மூன்று நாளில் நான் கண்ட கூட்டத்தை வேறெங்கும் கண்டதில்லை: எங்கள் தெருவில் வாசல்படி ஏறாத சாதிக்காரர்கள் அங்கே பக்கத்து அடுப்பில் பொங்கினார்கள், அவர்கள் கொடுத்த குழம்பை ஆச்சி வாங்கி எங்களுக்கு ஊற்றினார். ஊரில் ஒருபோதும் அப்படிச் செய்யாத ஆச்சி!

அங்கே அய்யனாருக்குச் சற்றுத் தள்ளிப் பட்டவராயன் சன்னதி இருக்கிறது. உயர்குடியில் பிறந்த இளைஞன் ஒருவன், தோல் வேலை செய்யும் குடும்பத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு பெண்களை விரும்பி, அவர்கள் தகப்பனின் நிபந்தனைக்கு இணங்கிப் பூணூலை அறுத்துச் செருப்புத் தைக்கக் கற்று மணந்து, பின்னர் மாமனாரின் மாடுகளைக் கள்ளரிடமிருந்து மீட்கப் போய் உயிரைவிட்ட கதையை வில்லுப்பாட்டாகக் கேட்டிருப்பீர்கள். அவனுக்குக் காணிக்கை தோல்செருப்பு. கோவிலில் கட்டித் தொங்கவிட்ட புதுச்செருப்புகள் சில நாளில் தேய்ந்திருக்கும், இரவில் அவன் அவற்றை அணிந்து காட்டில் காவல் சுற்றுகிறான் என்பது நம்பிக்கை. நான் அந்தச் செருப்பின் அடியைத் தொட்டுப் பார்த்தேன், மண் ஒட்டியிருந்தது. பயமும் மகிழ்ச்சியும் சேர்ந்து வந்த அந்த இரவின் உறக்கமின்மையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு பகல் போதுமா என்பதே என் கேள்வி.

மயிலாறு நினைவுகள்

வணக்கம். காரையாற்றுப் பக்கத்துக் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் சில ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். மலைக்குப் போகிறவர்களைப் பற்றியே இதுவரை பேசினோம். மலையில் இருக்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை.

சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, அகத்தியர் குடியிருப்பு, சேர்வலாறு ஆகிய இடங்களில் காணிக்காரர்கள் வாழ்கிறார்கள். காணி என்றாலே வழிவழியாக வரும் நில உரிமை. அந்தச் சொல்லையே இனப்பெயராகச் சுமப்பவர்களிடம்தான் நாம் நிலத்துக்குச் சான்று கேட்டுக்கொண்டிருந்தோம். 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்த பிறகே நிலைமை சற்று மாறத் தொடங்கியது. குடியிருப்புக்குத் தலைவர் மூட்டுக்காணி. செய்தி சொல்லி ஆள் கூட்டுபவர் விளிகாணி. மருந்தும் மந்திரமும் அறிந்தவர் பிலாத்தி. தமிழும் மலையாளமும் இழைந்த பேச்சு அவர்களுடையது, அதற்கென்று எழுத்து இல்லை. மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி), மிளகு, வாழை, தேன் ஆகியவை வாழ்வாதாரம். யானை வந்து பயிரை அழிக்காமல் காவல் காக்க மரத்தின்மேல் ஏறுமாடம் கட்டுவார்கள். ஈற்றை மூங்கிலும் கொடியும் மட்டுமே கொண்டு, ஓர் ஆணிகூட அடிக்காமல் கட்டிய மாடத்தில் ஒருமுறை ஏறி உட்கார்ந்திருந்தேன். காற்றில் மரத்தோடு சேர்ந்து அதுவும் அசைந்தது.

நோய் கண்டவருக்காகவோ கோவில் திருவிழாவான கொடைக்காகவோ அவர்கள் பாடுவது சாற்றுப்பாட்டு. கொக்கரை என்னும் இரும்புக் கருவியைச் சிறு கம்பியால் உரசியபடி, விளக்கு வெளிச்சத்தில், இரவு முழுவதும் பாடுவார்கள். கொக்கரையின் ஓசையில் இனிமை இல்லை. கரகரவென்று ஒரே கதியில் ஓடிக்கொண்டேயிருக்கும். முதல் ஒரு மணி நேரம் எனக்குச் சலிப்பாக இருந்தது. பிறகு எப்போது அந்த ஓசை வெளியே கேட்கும் தவளைக் குரலோடும் ஓடையோடும் ஒன்றானது என்று தெரியாமல் விடிந்துவிட்டது. காய்ச்சலில் கிடந்த குழந்தை விடியற்காலையில் கஞ்சி கேட்டது. பாட்டினால்தான் குணமானது என்று நான் சாதிக்க வரவில்லை. ஒரு குழந்தைக்காக ஊரே விழித்திருந்தது என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

1987 இல் இந்த மலையின் கேரளப் பக்கத்தில் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டிச் சென்ற காணிக்காரர்கள் களைப்பே இல்லாமல் நடப்பதைக் கண்டு, அவர்கள் மென்ற காயைப் பற்றிக் கேட்டதிலிருந்துதான் ஆரோக்கியப்பச்சை என்ற செடி வெளியுலகுக்குத் தெரிந்தது. அதிலிருந்து மருந்து தயாரிக்கப்பட்டது. வருமானத்தில் ஒரு பங்கு காணிக்காரர்களுக்கு என்ற உடன்பாடும் ஏற்பட்டது. மரபறிவுக்கு உரியவர்களுக்குப் பங்கு கொடுத்த தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக உலகம் முழுவதும் அதைப் பேசுகிறார்கள். அடிவாரத்தில் இருக்கும் நம்மில் பலருக்கு அந்தச் செடியின் பெயரே தெரியாது.

குறுங்குடிக்காரன்

மயிலாறு அய்யா சொன்ன சாற்றுப்பாட்டுதான் கணியான் கூத்தோ என்று என் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். பெயர் ஒலி நெருங்கியிருப்பதால் வரும் குழப்பம் இது. மலையில் வாழும் காணிக்காரர் வேறு; சமவெளியில் சுடலைமாடன் கொடைகளில் மகுடம் என்ற தோல்கருவியை அடித்து, தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, பெண்வேடமிட்டவர்கள் ஆடும் கணியான்கள் வேறு. இரண்டும் தனித்தனி மரபுகள். இரண்டையும் நேரில் கேட்டவர்கள் ஒருபோதும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் திருக்குறுங்குடியில் மலையும் கோவிலும் ஒரே கதையின் இரண்டு முனைகள். ஊருக்குள் நம்பிப் பெருமாள், மேலே நம்பியாற்றின் கரையில் மலைநம்பி. மலையடிவாரத்தில் வாழ்ந்த நம்பாடுவான் என்ற பாணர்குலப் பக்தர், கார்த்திகை மாதத்து ஏகாதசி இரவில் பெருமாளைப் பாடி எழுப்ப வரும் வழியில் அவரைப் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டுத் திரும்பி வந்து உனக்கு இரையாகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். குலத்தின் காரணமாக வெளியே நின்று பாடும் அவர் தன்னைக் காண்பதற்காகப் பெருமாள் கொடிமரத்தை விலகச் செய்தார் என்பார்கள். எங்கள் கோவிலில் கொடிமரம் இன்றும் நேர்கோட்டிலிருந்து விலகித்தான் நிற்கிறது. சொன்னபடி அவர் திரும்பிப் போகிறார். பாட்டின் பலனைக் கொடுத்து அந்த ராட்சசனுக்கே விடுதலை தருகிறார்.

ஆண்டுதோறும் கைசிக ஏகாதசி எனப்படும் அந்த இரவில் இது கோவிலிலேயே நாடகமாக நிகழ்கிறது. நலிந்து மறையும் நிலையில் இருந்ததை 1999 இல் மீட்டெடுத்தார்கள். எழுத்தில் படிப்பதற்கும், பனி இறங்கும் இரவில், மலையின் கறுத்த உருவம் பின்னால் நிற்க, வாக்குத் தவறாமல் சாகத் திரும்பிப் போகும் ஒரு மனிதனைக் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை என்னால் விளக்க முடியவில்லை. அக்கா, பிள்ளைகளை ஒரு கார்த்திகையிலும் வரச் சொல்லுங்கள்.

தென்காசிச் சாரல்

குற்றாலத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 2019 இல் மாவட்டம் பிரிந்தால் மலையும் பிரிந்துவிடுமா? ஆனி ஆடிச் சாரலில் நனையாதவன் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவனே அல்லன். அருவிகளைப் பற்றி எழுதுவோர் ஏராளம் என்பதால் ஒன்றை மட்டும் சொல்லுகிறேன்: நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபை அங்கே இருக்கிறது. மூலிகை வண்ணங்களால் தீட்டிய சுவரோவியங்கள். அருவிக்கரைக் கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட அங்கே வருவதில்லை; உள்ளே அமைதியாக ஒரு மணி நேரம் உட்காரலாம்.

நாலுமுக்கு

இவ்வளவையும் படித்த பிறகு எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். எங்களை மலையின் பண்பாட்டில் ஒருவரும் சேர்ப்பதில்லை.

சிங்கம்பட்டி ஜமீனின் காட்டில் 8,300 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பை ஒரு தனியார் நிறுவனம் தேயிலைத் தோட்டம் போட 1929 இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்ற பெயர்களெல்லாம் உங்களுக்கு இன்று சுற்றுலா இடங்கள். எனக்கு அவை என் தாத்தா கங்காணியின் பின்னால் நடந்து ஏறிய பாதை, அம்மா பனிக்குளிரில் இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் வரிசையில் நின்ற விடியற்காலைகள், காலில் ஏறிய அட்டைகளுக்குப் புகையிலையும் சுண்ணாம்பும் தேய்த்துக்கொண்ட மாலைகள். நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டிலேயே மிகுதியான மழை பெறும் இடங்கள் என்று செய்தியில் சொல்லும்போதெல்லாம் லயன் வரிசை வீட்டுத் தகரக்கூரையில் அந்த மழை விழுந்த ஓசை எனக்குக் கேட்கும். அடைமழை பிடித்தால் துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் பள்ளிச் சீருடையைக் காயவைப்போம். வகுப்பு முழுவதும் புகைமணம்.

எங்களுக்கும் கொடை உண்டு, கிறிஸ்துமஸ் உண்டு, பள்ளிவாசல் உண்டு. சமவெளியின் பல ஊர்களிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வந்தவர்கள் ஒரே வரிசை வீடுகளில் வாழ்ந்ததால் ஒருவர் விழாவை மற்றவர் கொண்டாடுவது எங்களுக்கு இயல்பாகிவிட்டது. கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் நாங்கள் நடத்திய ஊர்வலம் தாமிரபரணிக் கரையில் 17 உயிர்களின் இழப்பில் முடிந்ததையும் இந்த ஆற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். எங்கள் மலையில் பிறந்த தண்ணீரில்தான் எங்கள் ஆட்கள் போனார்கள்.

குத்தகை 2028 இல் முடிகிறது. அதற்கு முன்னரே, 2024 இல், தோட்ட வேலை நிறுத்தப்பட்டுத் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு பெற்று இறங்க வேண்டியதாயிற்று. நான்கு தலைமுறை. அம்மா இப்போது மணிமுத்தாற்றுக்குக் கீழே வாடகை வீட்டில் இருக்கிறார். வெயில் தாங்கவில்லை என்கிறார். மாலையானால் வாசலில் நாற்காலியைப் போட்டு மலையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறார்.

வி.கே.புரம் நடைப்பயணி

தோழர் நாலுமுக்கு, உங்கள் பதிவை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நேர்மையாக ஒன்றை எழுதுகிறேன், தவறாக எண்ண வேண்டாம். தேயிலை நடப்பட்ட இடமெல்லாம் முன்பு சோலையாக இருந்தது. காக்காச்சியைச் சுற்றி எஞ்சியிருக்கும் காட்டில் வெடிப்பலா மரங்கள் இருக்கின்றன. முள் போர்த்திய அதன் காயை உடைத்துத் தின்றுதான் சிங்கவால் குரங்குகள் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கின்றன. அந்தக் குரங்குக்காகத்தான் 1976 இல் களக்காடு சரணாலயமே அமைக்கப்பட்டது. அது தரையில் இறங்கி நடக்க விரும்பாத உயிர்; கிளையோடு கிளை தொட்டால்தான் அதற்கு வழி. தேயிலைப் பரப்பு மீண்டும் காடானால் துண்டுபட்ட சோலைகள் ஒன்றுசேரும், கன்னடியன்கால் அண்ணாச்சியின் ஓடைகளும் வலுப்பெறும். ஆகவே காடு திரும்ப வேண்டும் என்பதில் என் மனம் மாறவில்லை.

அதற்காக மனிதரை இறக்கிவிட்டு அத்துடன் மறந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நான்கு தலைமுறையாக அந்தச் சரிவின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்தவர்களைவிட, காட்டைத் திரும்ப வளர்க்கும் வேலைக்குத் தகுந்தவர்கள் வேறு யார்? நாற்றங்கால், தீத்தடுப்பு, களைச்செடி அகற்றல், வழிகாட்டல் என்று அங்கே வேலை இல்லாமலா போகும்?

நாலுமுக்கு

நீங்கள் சொல்லும் வேலை கிடைத்தால் என் தம்பி நாளைக்கே ஏறுவான். தேயிலைச் செடிக்கு நடுவே நாங்கள் நிழலுக்கு வளர்த்த மரங்கள் எவை, தானாக முளைத்த சோலை மரங்கள் எவை என்று அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். குரங்குக்கு வழி வேண்டும் என்பதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். எங்களுக்கும் மேலே போய்வர ஒரு வழி வேண்டும்: கொடைக்கு, கல்லறைத் திருநாளுக்கு. எங்கள் தாத்தா அங்கேதான் கிடக்கிறார்.

கன்னடியன்கால்

கல்லறைத் திருநாளுக்கு அவர்களை அனுமதிப்பதால் எந்தக் காடும் குறைந்துவிடாது. ஆடி அமாவாசைக்குச் சிங்கம்பட்டி அரசர் பட்டாடையும் தலைப்பாகையுமாக அமர்ந்து காட்சி கொடுத்ததைப் பார்க்க எத்தனை ஆயிரம் பேரை விட்டோம்! 2020 இல் மறைந்த முருகதாஸ் தீர்த்தபதி அவர்களை அந்தக் கோலத்தில் நான் பலமுறை கண்டு வணங்கியிருக்கிறேன். முடிசூட்டிக்கொண்ட கடைசி ஜமீன் அரசர் அவரே. அரசருக்கு ஒரு நாள் இருந்ததைப்போல, கொழுந்து கிள்ளியவர்களுக்கும் ஒரு நாள் இருக்கட்டும்.

மயிலாறு நினைவுகள்

வழிகளைப் பற்றிப் பேசும்போது சிகரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அகத்தியர் சிகரத்திற்குக் கேரளத்தின் போணக்காட்டுப் பக்கமாக ஏறுகிறார்கள். நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2019 ஜனவரியில் பெண்களும் ஏறத் தொடங்கியபோது அங்குள்ள காணிக்காரர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். தங்கள் மூதாதையாக வணங்கும் அகத்தியர் பிரம்மச்சாரி என்பது அவர்கள் நம்பிக்கை. என் மகள் ஏற விரும்புகிறாள், அவள் ஏறுவதை நான் தடுக்க மாட்டேன். ஏறுவதற்கு முன் ஒரு காணிக் குடியிருப்பில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டுப் போ என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவள் சரி என்றாள்.

ஆற்றங்கரை வீடு

எல்லோருக்கும் நன்றி. மனத்தில் ஒரு வடிவம் வந்துவிட்டது.

உத்திரத்திற்கு முந்தின நாள் பிள்ளைகளைக் கன்னடியன் அணைக்கட்டுக்குக் கூட்டிப்போய் ஆறு வாய்க்காலுக்குள் திரும்பும் இடத்தில் உட்கார வைக்கப் போகிறேன். அன்று மாலை மணிமுத்தாற்றுக்குக் கீழே நாலுமுக்குத் தம்பியின் அம்மாவைப் பார்க்க வருகிறோம், அவர் சம்மதித்தால். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மலையைப் பார்த்தால் இந்தப் பிள்ளைகளுக்கு வேறு மலை தெரியும்.

உத்திரத்தன்று முதலில் பாபநாசம். உலகம்மை சன்னதிக்கு முன்னால் இருக்கும் உரலில் பெண்கள் விரலி மஞ்சளை இடிப்பதும், இடித்த பொடியால் அம்மைக்கு அபிஷேகம் நடப்பதும் உங்களுக்குத் தெரியும். மூத்தவள் கையில் உலக்கையைக் கொடுக்கப் போகிறேன். பிறகு காரையாறு. தங்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டேன். நடைப்பயணி அண்ணாச்சி சொன்ன குளம்புத் தடத்தை என்னால் மறக்க இயலவில்லை. பகல் முழுவதும் அங்கே இருப்போம். பட்டவராயன் கதையை ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு நானே சொல்லுவேன், செருப்பின் அடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுவேன்.

வேறு ஏதேனும் எடுத்துச் செல்ல வேண்டுமா?

வி.கே.புரம் நடைப்பயணி

அக்கா, பாபநாசம் சோதனைச் சாவடியில் உத்திரத்தன்று வண்டிகள் வரிசை கட்டிவிடும், எனவே விடியற்காலையிலேயே வந்துவிடுங்கள். இருட்டுவதற்குள் திரும்பியாக வேண்டும். புளியோதரையைத் தூக்குவாளியிலும், தண்ணீரைச் செம்பிலும் கொண்டு வாருங்கள், நெகிழிப்பை இருந்தால் சாவடியில் வாங்கிவிடுவார்கள். முண்டந்துறை தாண்டியபின் வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேசாமல் வரச் சொல்லுங்கள். அந்தக் காலை நேரத்தில் சாலையோரத்தில் மிளா நிற்கும். நான் கோவில் படித்துறையில் குப்பைச்சாக்கோடு நின்றிருப்பேன். பிள்ளைகளுக்கும் இரண்டு சாக்கு வைத்திருக்கிறேன்.

நாலுமுக்கு

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டார். கட்டன்சாயாவும் அவித்த மரச்சீனியும் வைத்திருப்பாராம். நான்கு மணிக்கு முன் வந்துவிடுங்கள், அதற்குப் பிறகு முகட்டில் மேகம் இறங்கிவிடும்.